அத்தை மேல் யார் ரிப்போர்ட் போடுவது?

எங்கள் சொந்தத்தில் யாருக்காவது அரசாங்கக் கடிதம் வந்தால் அது முதலில் என் கைக்குத்தான் வரும். கிள்ளானில் ஒரு லாயர் ஆபீசில் இருபது வருடங்களாகக் கிராணியாக இருக்கிறேன். லாயர் சொல்வதைவிட கிராணி சொன்னால் புரியும் என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். வீட்டுக் கடன் நோட்டீஸ், இ.பி.எஃப். பாரம், சம்மன் என்று பலவற்றையும் மலாயில் படித்துத் தமிழில் சொல்லியிருக்கிறேன். கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களாக இன்னொரு வகைக் காகிதமும் வருகிறது. வழவழப்பான தாள், தங்க நிற எழுத்து, மேலே கோட்டு போட்ட ஒருவரின் படம். "நல்ல கம்பெனியான்னு மட்டும் பார்த்துச் சொல்லும்மா" என்பார்கள். பெரும்பாலும் காசு கட்டிய பிறகுதான் கேட்பார்கள்.

காந்தப் படுக்கை, தண்ணீர் வடிகட்டும் மெஷின், காளான் காப்பி, முகத்துக்குக் கொலாஜன், தங்கக் காசு, கடைசியாக ஃபோரெக்ஸ், கிரிப்டோ. எனக்குத் தெரிய பொருள் இத்தனை முறை மாறியிருக்கிறது. பேச்சு மட்டும் மாறவில்லை. "சீனன் எப்படி முன்னேறினான்? ஒருத்தன ஒருத்தன் தூக்கி விட்டான். நம்மாளு எப்பத்தான் முன்னேறுறது?" கோயில் மண்டபத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் இதைக் கேட்டு மொத்த மண்டபமும் கை தட்டியதைப் பார்த்திருக்கிறேன். நாற்காலிகளில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நேரடி விற்பனை என்றாலே மோசடி கிடையாது. நாட்டில் அதற்கு 1993ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உள்நாட்டு வாணிப அமைச்சு லைசென்ஸ் தருகிறது. ஏ.ஜே.எல். என்று தொடங்கும் எண் அதுதான். அமெரிக்காவில் 1979இலேயே ஆம்வே வழக்கில் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். காசு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. வெளியே இருக்கும் ஒருவர் பொருளை விரும்பி வாங்கி, அதில் வரும் லாபத்தைப் பங்கு போட்டால் அது வியாபாரம். புதிதாகச் சேருகிறவர் கட்டும் காசைப் பழைய ஆளுக்குக் கொடுத்தால் அது பிரமிட். 2010இல் நம் சட்டத்தைத் திருத்தியபோது பெயரிலேயே பிரமிட் தடுப்பையும் சேர்த்தார்கள். குற்றம் நிரூபணமானால் தனி ஆளுக்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் என் மேசைக்கு வந்த தாள்களில் ஏ.ஜே.எல். எண்ணைப் பார்த்தது குறைவு. எஸ்.எஸ்.எம். பதிவு எண்ணைத்தான் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது கம்பெனி பதிவு. நாசி லெமாக் கடை போடுகிறவரும் எடுக்க வேண்டியதுதான். "கவர்மெண்டு அப்ரூவல் இருக்கு" என்று அதைத்தான் காட்டுவார்கள்.

இனி நான் சொல்லப் போவது அப்பாவின் அக்காவைப் பற்றி. எங்கள் எல்லோருக்கும் அத்தை.

கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், பிறகு அதே தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகும், இருபத்தைந்து வருடம் கூட்டு பிடித்தவர் அத்தை. கூட்டு தெரியாத இளம் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இருபது பேர், ஆளுக்கு மாதம் 50 வெள்ளி. சேரும் ஆயிரம் வெள்ளியை ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுப்பார். அவசரக்காரர் ஏலத்தில் தள்ளி முதலில் எடுப்பார், பொறுமைக்காரர் கடைசியில் எடுப்பார். இருபதாவது மாதம் கணக்கு முடிந்துவிடும். மகள் சடங்கு, மகன் போலிடெக்னிக் கட்டணம், செத்த வீட்டுச் செலவு என்று லயத்தில் நடந்த பல காரியங்கள் அத்தையின் கூட்டில் நடந்தவை. கணக்கெல்லாம் 555 நோட்டில் இருக்கும். கடைக்காரர்கள் கடன் எழுதுவார்களே, சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்ன நோட்டு. இருபத்தைந்து வருடத்தில் ஒருவருடைய காசும் ஒரு நாள் தவறியதில்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

சட்டப்படி அது குற்றம். 1971இல் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் பெயரே 'கூட்டு' என்ற நம் சொல்லோடுதான் தொடங்குகிறது. உள்ளே விளக்கத்தில் 'சீட்டு'ம் இருக்கிறது. மலாய்க்காரர்களும் இதை 'மாயின் குத்து' என்கிறார்கள். இந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில் தமிழ் இடம் பிடித்த கதை இது. ஆபீசில் முதல் முறை அந்தத் தலைப்பைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. அத்தையிடம் சொன்னேன். "அப்ப நான் கேடியா பாப்பா?" என்று அவரும் சிரித்தார்.

தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். ஆட்கள் பிரிந்து கிள்ளான், ஷா ஆலாம், ரவாங் என்று தாமான்களுக்கும் மலிவு விலை பிளாட்டுகளுக்கும் போனார்கள். லயம் போனது, கூட்டு போனது. ஆனால் ஆள் போகவில்லை. கல்யாணம், கருமாதி, ஆடித் திருவிழா எதுவானாலும் அத்தை வந்தால் எழுந்து நாற்காலி கொடுப்பார்கள். அந்த மரியாதைக்கு ஒரு விலை இருக்கிறது என்பதை அத்தைக்கு முன்னால் கண்டுபிடித்தவர்கள் கம்பெனிக்காரர்கள்.

கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. 2022 கடைசியில் அத்தை வீட்டுக்கு இரண்டு பேர் காடியில் வந்தார்கள். காலில் விழுந்தார்கள். "உங்கள மாதிரி நாணயமான ஆளுதான் எங்களுக்கு லீடரா வேணும்" என்றார்கள். ஒரு பேக்கேஜ் 3,000 வெள்ளி. ஒரு பெட்டி சத்து மாவு கிடைக்கும். அதோடு மாதம் 300 வெள்ளி போனஸ், இருபது மாதத்துக்கு. ஆள் சேர்த்தால் தனியாக 300. அத்தை முதலில் ஒரு பேக்கேஜ் எடுத்தார். மூன்று மாதம் 300 வெள்ளி தவறாமல் வந்தது. அதன் பிறகுதான் பிறரிடம் பேசினார். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அத்தை யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. சோதித்துப் பார்த்துவிட்டே சொன்னார். முதல் சில மாதங்கள் ஒழுங்காகக் காசு வருவதே இந்தத் திட்டங்களின் மூலதனம். அதைச் சாட்சியாகக் காட்டித்தான் அடுத்த ஆள் வருவார்.

எங்கள் வீட்டில் அப்படி வந்தவர் சின்னம்மா, அம்மாவின் தங்கை. பள்ளிக்கூடத்தில் கிளீனிங் வேலை. 2023இல் 55 வயது முடிந்து இ.பி.எஃப். கையில் எடுக்கலாம் என்றானதும் அதிலிருந்து 18,000 வெள்ளி எடுத்து ஆறு பேக்கேஜ் போட்டார். மாதம் 1,800. நான்கு மாதம் வந்தது. மொத்தம் 7,200. அதில் 6,000த்தை எடுத்து மேலும் இரண்டு பேக்கேஜ். ஐந்தாவது மாதம் "சிஸ்டம் அப்கிரேட்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. ஆறாவது மாதம் குரூப்பில் யாரும் பதில் எழுத முடியாதபடி பூட்டினார்கள். ஏழாவது மாதம் கடைவீட்டு மாடியில் இருந்த ஆபீசின் ஷட்டர் இறங்கியிருந்தது. சின்னம்மாவின் கையில் உண்மையில் தங்கியது 1,200 வெள்ளியும் எட்டுப் பெட்டி சத்து மாவும். போனது 16,800.

2023ஆம் ஆண்டுக்கு இ.பி.எஃப். அறிவித்த லாப ஈவு 5.50 விழுக்காடு. ஒரு முழு வருடத்துக்கு. கோடிக்கணக்கில் முதலீடு செய்து, அதற்கென்றே படித்தவர்களை வைத்து நடத்தும் நிதி அது. மாதம் 10 விழுக்காடு தருகிறேன் என்கிற சத்து மாவுக்காரன் அந்த நிதியைவிட இருபது மடங்குக்கு மேல் சம்பாதிக்க வேண்டும். சின்னம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று நினைக்கக் கூடாது. சந்தையில் பத்து சென் வித்தியாசம் பார்த்து மீன் வாங்குகிறவர். "கம்பெனிய யாரு நம்புனா? நான் உங்க அத்தைய நம்புனேன்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாமும் இருக்கிறது.

கூட்டு ஒரு வட்டம். இருபது பேர் தொடங்கி இருபது பேரோடு முடியும். புது ஆள் தேவையில்லை. கம்பெனி ஒரு ஏணி, அதற்கு ஒவ்வொரு மாதமும் கீழே புது ஆள் வேண்டும். ஆறு பேரைச் சேர், அவர்கள் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்கட்டும் என்று வெள்ளைப் பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டுவார்கள். மூன்றாவது வரிசையோடு நிறுத்திவிடுவார்கள். நான் ஒரு நாள் மதிய உணவு நேரத்தில் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். 6, 36, 216, 1,296, 7,776, 46,656, 2,79,936. எட்டாவது வரிசையில் 16,79,616 பேர் வேண்டும். மேலே இருப்பவர்களையும் கூட்டினால் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. மலேசியாவில் இந்தியர்கள் மொத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான், தொட்டில் பிள்ளையையும் சேர்த்து. பத்தாவது வரிசைக்கு நாட்டு மக்கள்தொகை போதாது. அந்த ஏணி எந்த வரிசையில் நின்றாலும் அதில் இருப்பவர்களில் நூற்றுக்கு 83 பேர் கடைசி வரிசையில் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. யாராவது தவறு செய்ததால் இப்படி ஆகவில்லை. போட்ட வடிவமே அப்படி.

இரண்டுக்கும் இவ்வளவு தூரம் இருந்தும் கம்பெனி கூட்டின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தது. அதே அத்தை, அதே சொந்தம், அதே மாதக் கணக்கு. மற்ற கடைகள் விளம்பரத்துக்குச் செலவழிக்கும் காசை இவர்கள் மிச்சம் பிடிக்கிறார்கள். இருபத்தைந்து வருடம் ஒரு கிழவி சேர்த்து வைத்த பெயரை எடுத்துச் செலவழிக்கிறார்கள். அந்தப் பெயர் தீர்ந்ததும் அடுத்த தாமான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கூடினோம். ரிப்போர்ட் எழுதித் தரச் சொல்லி சின்னம்மா என்னைக் கேட்டிருந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே அம்மாவும் அப்பாவும் தொடங்கிவிட்டார்கள்.

"என் தங்கச்சி முப்பது வருஷம் கக்கூஸ் கழுவுன காசு."

"அதுக்கு? எங்கக்கா என்ன திருடியா? அவ காசும்தான் போயிருக்கு."

நான் ரிப்போர்ட் எப்படி இருக்கும் என்று சொன்னேன். போலீஸ் கேட்கும் முதல் கேள்வி, உங்களைச் சேர்த்தது யார்? இரண்டாவது, காசை யாரிடம் கொடுத்தீர்கள்? சின்னம்மா கம்பெனிக் கணக்கில் கட்டவில்லை. அத்தையின் கணக்கில் போட்டார், அத்தை மேலே அனுப்பினார். கம்பெனி கேட்டுக்கொண்ட முறையே அதுதான். ஆகவே எந்தக் காகிதத்தைத் தொட்டாலும் முதலில் வருவது அத்தையின் பெயரும் ஐ.சி. எண்ணும். மேலே கோட்டு போட்டவரின் பெயர் எங்கேயும் இல்லை.

சின்னம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கம்பெனி மேல போடு. அண்ணி பேரு வரக்கூடாது" என்றார்.

அப்படி ஒரு ரிப்போர்ட் எழுத முடியாது என்றேன்.

"அப்ப வேணாம்மா. காசு போனா போவுது. அண்ணி மேல ரிப்போர்ட் போட்டுட்டு நாளைக்கி எந்த வீட்டு விசேஷத்துல நான் தலைய காட்டுறது?"

இன்னொன்றையும் பிறகு தனியாகச் சொன்னார். சின்னம்மாவும் இரண்டு பேரைச் சேர்த்திருக்கிறார். கூட வேலை செய்யும் ஒரு மலாய்க்காரப் பெண், எதிர்வீட்டு ஆண்ட்டி. அத்தை மேல் ரிப்போர்ட் போட்டால் அந்த இருவரும் இவர் மேல் போடலாம். ஆள் சேர்த்ததற்கு இவருக்குக் கிடைத்த 600 வெள்ளிக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். ஏமாந்தவர், ஏமாற்றியவர் என்று இரண்டு பக்கமாகப் பிரிக்க முடியாதபடி ஒவ்வொருவரையும் இரண்டு பக்கமும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கையில் கொஞ்சம் கறை படியாத சாட்சி ஒருவரும் இல்லை. இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய பாதுகாப்பு லாயரோ வெளிநாட்டு வங்கிக் கணக்கோ கிடையாது. நம் வெட்கம்தான்.

சட்டத்தின் இன்னொரு வாசலையும் பார்த்தேன். பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டினால் போதும், லாயர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் பயனீட்டாளர் என்றால் சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர், வியாபாரத்துக்காக மறுபடி விற்க வாங்குகிறவர் சேரமாட்டார் என்கிறது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். சின்னம்மா கையெழுத்துப் போட்ட தாளை மறுபடி எடுத்தேன். சின்ன எழுத்தில் மூன்றாவது வரியில் இருந்தது: தான் சுயமாகத் தொழில் செய்யும் விநியோகஸ்தர் என்று ஒப்புக்கொள்கிறார். மேடையில் "இனிமே நீங்க வேலைக்காரி இல்ல, பிஸ்னஸ் லேடி" என்று மாலை போட்டார்களே, அந்த மரியாதைக்கு அர்த்தம் இதுதான். பிஸ்னஸ் லேடிக்கு நடுவர் மன்றத்தின் கதவு பாதி மூடியாயிற்று.

எங்கள் இனத்துக்கு மட்டும் நேர்ந்ததாக இதை எழுதினால் பொய்யாகிவிடும். எண்பதுகளின் கடைசியில் பேராக்கில் பாக் மான் தெலோ என்று அறியப்பட்டவர் மாதம் 10 விழுக்காடு தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கினார். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண மலாய்க் குடும்பத்தினர். 2017இல் பினாங்கில் ஜே.ஜே.பி.டி.ஆர். விழுந்தது. மாதம் 20 விழுக்காடு என்ற திட்டம் அது. சீனத்தில் அந்தப் பெயருக்குச் சாதாரண மக்களைக் காப்பாற்றுவது என்று பொருள். பணம் எங்கே என்று கேட்டபோது ஹேக்கர்கள் எடுத்துவிட்டார்கள் என்றார் நிறுவனர். பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் சன்ஷைன் எம்பயர். அதன் நிறுவனர் 2010இல் 9 ஆண்டு சிறைக்குப் போனார். ஒவ்வொன்றும் தன் மக்களின் மொழியில், தன் மக்களின் பெருமையைத் தொட்டுப் பேசியது. மலாய்க்காரருக்கு வேறு மேடை, சீனருக்கு வேறு மேடை, நமக்குக் கோயில் மண்டபம். ஏணி ஒன்றுதான்.

பேங்க் நெகாராவும் பங்கு ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல்களை இணையத்தில் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் பெயர் ஏறுவதற்குப் புகார் வேண்டும். புகாருக்கு ஆள் வேண்டும். ஆளோ அத்தையைக் காப்பாற்றிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் ஏறாத கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த மண்டபத்தை புக் பண்ணுகிறது. சின்னம்மா அத்தைக்காகக் காட்டிய பெருந்தன்மையின் பலன் இன்னொரு தாமானில் இருக்கும் இன்னொரு சின்னம்மாவுக்குப் போய்ச் சேருகிறது.

நான் இப்போது தாளோடு வருகிறவர்களிடம் கம்பெனி நல்லதா கெட்டதா என்று பேசுவதில்லை. மூன்று கேள்வி கேட்கிறேன். ஆள் சேர்க்காமல் இந்தப் பொருளை மட்டும் விற்றால் மாதம் எவ்வளவு கிடைக்கும்? காசை யார் பெயரில் இருக்கும் கணக்கில் போடச் சொல்கிறார்கள்? இந்தக் காசு போனால், உங்களைச் சேர்த்தவர் மேல் ரிப்போர்ட் போட உங்களால் முடியுமா? முதல் இரண்டுக்கும் ஏதாவது பதில் வைத்திருப்பார்கள். மூன்றாவதில்தான் தாளை மடித்துப் பையில் வைப்பார்கள். போன மாதம் ஒரு பையன் கோபித்துக்கொண்டான். "என்னக்கா, என் மாமாவப் போய் இப்படிப் பேசுறீங்க?" உன் மாமாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, உன்னைப் பற்றித்தான் கேட்டேன் என்றேன்.

அத்தை இப்போது விசேஷங்களுக்கு வருவதில்லை. கால் வலி என்கிறார். போன தீபாவளிக்கு நான்தான் பலகாரத்தோடு போய்ப் பார்த்தேன். சாமி மேடைக்குக் கீழே ஒரு 555 நோட்டு இருந்தது. அவராகவே எடுத்துக் காட்டினார். இருபத்து மூன்று பெயர். எந்தத் தேதியில் யார் எவ்வளவு கொடுத்தார்கள், அதை யார் பெயருக்கு எந்தக் கணக்கு எண்ணுக்கு அனுப்பினார் என்று பழைய கூட்டுக் கணக்கு மாதிரியே வரிசையாக எழுதியிருந்தார். பக்கத்தில் சிவப்பு மையில் 50, 50, 30 என்று சில எண்கள். முறுக்கு சுட்டு விற்ற காசில் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறாராம். எழுபதை நெருங்கும் வயதில் அந்தக் கணக்கு முடியாது என்று அவருக்கும் தெரியும்.

"அத்தே, இது போதும். இந்த நோட்டு மாதிரி ஆதாரம் யாருகிட்டயும் இல்ல. நீங்களே போய் ரிப்போர்ட் போடலாம். மொத ஆளா போட்டா உங்கள சாட்சியாத்தான் பார்ப்பாங்க" என்றேன். சட்டம் அப்படித்தான் பார்க்கும் என்று உறுதி சொல்ல நான் லாயர் இல்லை. ஆனால் இருபத்து மூன்று பேரும் அவருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அதைத் திறக்க அவர் ஒருவரால்தான் முடியும்.

அத்தை நோட்டின் முனையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இதுல உன் சின்னம்மா பேரும் இருக்கே பாப்பா. அவ வேற ரெண்டு பேர சேத்திருக்கா. அவளக் கூப்புட்டு ஸ்டேசன்ல ஒக்கார வச்சா நான் தாங்குவனா?"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் காப்பாற்றும் மூன்றாவது ஆளின் முகத்தை இருவருமே நேரில் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் மறுபடி போகிறேன். இந்த முறை சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு.